மலையேறிய எழுத்து – 11: உதகையில் எழுதிய சொற்பட்டியல்கள்

சென்ற இதழில் கரியாலூரை மையமாக வைத்துக் கல்வராயன் மலையின் ஜாகிர்களைப் பார்த்தோம். ஜடய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று குடும்பங்கள் மலையை ஆண்டதையும், 1976இல் அரசு அதைக் கையில் எடுத்துக்கொண்டதையும் சொல்லியிருந்தேன். அந்தக் கதைக்குக் காகிதச் சான்று நிறையவே இருக்கிறது. கார்ஸ்டின் 1878இல் எழுதிய தென்னாற்காடு மாவட்டக் கையேடு, லெ ஃபானு 1883இல் எழுதிய சேலம் கையேடு, பிரான்சிஸ் 1906இல் எழுதிய தென்னாற்காடு கெஜட்டியர், பிறகு தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றித் தர்ஸ்டன் எழுதிய ஏழு தொகுதிகள். மலையாளிகள் எனப்படும் இந்த மலைமக்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள், பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து போனார்கள் என்ற கதையை இவர்கள் விடாமல் பதிவு செய்திருக்கிறார்கள். கல்யாண முறை, கோயில், கொடுக்க வேண்டிய வரி எல்லாம் உண்டு.

பேச்சு மட்டும் இல்லை. கரியாலூர்ப் பக்கம் ஒரு கிழவி தன் பேரனை எப்படி அதட்டினாள், சாமை அறுக்கும்போது என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. காரணம் எளிது. அவர்கள் பேசியது தமிழ். கீழே இருந்து வந்த தாசில்தாருக்கும் அவருடைய குமாஸ்தாவுக்கும் அது புரிந்துவிட்டது. புரிந்துவிட்ட பேச்சை யார் உட்கார்ந்து எழுதுவார்கள்?

புரியாத பேச்சுக்கு வேறு தலையெழுத்து. அதே சென்னை மாகாணத்தின் மேற்கு மூலையில், நீலகிரியில், தோடர்களும் கோத்தர்களும் பேசியது வெள்ளைக்காரனுக்கும் விளங்கவில்லை, கூடப் போன தமிழனுக்கும் விளங்கவில்லை. அதனாலேயே அவர்கள் பேச்சைச் சுற்றி நோட்டுப் புத்தகங்கள் குவிந்தன. இந்த இதழில் அந்த நோட்டுகளின் கதை. அவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: அந்த மொழிகள் வெகுகாலம் வேறொருவர் வாய்வழியாகத்தான் காகிதத்துக்கு வந்தன.

முதலில் ஒரு பாதிரியார். கோழிக்கோட்டில் இருந்த இயேசு சபைத் துறவி ஜாகோமே ஃபெனிசியோ. மலைக்கு மேலே, 'தோடமலை'யில், வழிதவறிப்போன பழைய கிறிஸ்தவர்கள் வாழ்கிறார்கள் என்று மலையாளக் கரையில் ஒரு வதந்தி உலவியது. அங்கமாலி ஆயர் பிரான்சிஸ்கோ ரோஸ் அதை நம்பினார். 1602இல் முதலில் ஆள் அனுப்பிப் பார்த்தார்; அவர்கள் கொண்டுவந்த செய்தி போதவில்லை. 1603இல் ஃபெனிசியோ தானே மலையேறினார். அவர் எழுதிய நீண்ட கடிதத்தில் எருமைப் பால், நீண்ட முடியும் தாடியும் வைத்த பால்மடத்துப் பூசாரி, சகோதரர்கள் ஒரே மனைவியோடு வாழும் வழக்கம் எல்லாம் இருக்கின்றன. நீலகிரியைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நேரடி வருணனை அதுதான். தேடிப் போன கிறிஸ்தவர்கள் மட்டும் அகப்படவில்லை.

அந்தக் கடிதத்தை மொழிக்கான ஆவணமாக எடுத்துக்கொள்ள முடியாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை நடுவில் வைத்துத்தான் பூசாரியோடு உரையாடல் நடந்தது. தோடர் சொன்னது ஒரு மொழிக்கு மாறி, அது பாதிரியாரின் காதில் விழுந்து, ஐரோப்பிய மொழியில் கடிதமானது. என்றாலும் பின்னால் வந்த ஒவ்வொருவரும் ஏறத்தாழ இதே வழியில்தான் போனார்கள் என்பதால் ஃபெனிசியோவை இந்த வரிசையின் தலையில் வைக்கிறேன்.

இருநூறு ஆண்டு இடைவெளி. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார், உதகையில் பங்களாக்கள் எழும்பின. 1832இல் கேப்டன் ஹார்க்னெஸ் தோடர்களைப் பற்றி லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன்பின் உதகைக்கு ஓய்வெடுக்க வந்தவர்களில் பேனா பிடிக்கத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் தோடர்களைப் பற்றி ஒரு கொள்கை இருந்தது. இஸ்ரேலின் தொலைந்த குலம் என்றார்கள், ரோமானியர் என்றார்கள், சித்தியர் என்றார்கள். தோடரின் மூக்கும் தாடியும் போர்வையும் இதற்குப் போதுமான ஆதாரமாக இருந்தன.

மொழியை வைத்து முதலில் யோசித்தவர் பெர்ன்ஹார்டு ஷ்மித். ஜெர்மானியர், சர்ச் மிஷன் பாதிரியார், பாசிகளையும் செடிகளையும் சேகரித்துக்கொண்டு திரிந்த தாவரப் பித்தர். தோடர் பேச்சு பழந்தமிழின் கிளைதான் என்று 1830களிலேயே எழுதிவிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்துக்கு ஏறக்குறைய 20 ஆண்டு முன்னால் இது. அவருடைய முடிவு நூற்றுக்கு நூறு சரியில்லை. ஆனால் மூக்கையும் போர்வையையும் விட்டுவிட்டுச் சொற்களைப் பார்த்தார் பாருங்கள், அந்தத் திருப்பத்துக்காக அவரை மறக்கக் கூடாது.

ஷ்மித்துக்குப் பிறகு ஃபிரெடரிக் மெட்ஸ். பாசல் மிஷனைச் சேர்ந்தவர். கேத்தியில் அந்த மிஷன் 1846இல் கால் ஊன்றியது. மெட்ஸ் சில ஆண்டுகள் கழித்து வந்து, மலையிலேயே பல பத்தாண்டுகள் கழித்தார். குதிரையில் வந்து பார்த்துவிட்டுப் போகும் துரைகளைப் போல இல்லாமல், தோடர்களின் அண்டையரான படகர்களின் ஊர்களில் ஹட்டி ஹட்டியாக, தோடர் ஊர்களில் மந்து மந்தாக நடந்தவர். படகர்களின் பேச்சு அவருக்கு வீட்டு மொழி மாதிரி ஆகிவிட்டது. மதம் மாற்றுவதில் தோடர்களிடம் அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி வெற்றி இல்லை. சொல் சேர்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. தார்ஜிலிங்கில் உட்கார்ந்து இந்தியாவின் மலைமொழிகளையெல்லாம் ஒப்பிட்டுக்கொண்டிருந்த பிரையன் ஹாட்ஜ்சனுக்கு நீலகிரிச் சொற்பட்டியல்களைக் கொடுத்தவர் அவர்தான். அவை 1856இல் அச்சாயின. அடுத்த ஆண்டே சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் தோடர் சொற்களின் பட்டியல் அவர் பெயரிலேயே வந்தது.

இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். தோடர்கள் தங்களுக்குள் ஒரு மொழியும் வெளியாளிடம் வேறொரு மொழியும் பேசுகிறவர்கள். வெளியாளிடம் பேசுவது படகர் பேச்சை ஒட்டியது. மெட்ஸுக்கு அந்தப் படகர் பேச்சு நன்றாகத் தெரியும். கேட்பவருக்கு எது விளங்குமோ அதில் பதில் சொல்வது மரியாதையும் கூட. அப்படியானால் அவர் நோட்டில் ஏறியதில் எது தோடர் வீட்டுக்குள் பேசியது, எது விருந்தாளிக்காகத் தோடர் வாயில் வந்த படகம்? பிரித்துச் சொல்வது லேசான காரியமில்லை.

1856இல் கால்டுவெல் தோட மொழியையும் கோத்த மொழியையும் திராவிடக் குடும்பத்தின் 'திருந்தாத' மொழிகளின் வரிசையில் சேர்த்தார். திருந்தாதது என்றால் எழுத்தில்லாதது என்று பொருள் கொள்ளலாம். அந்தச் சொல்லில் இருந்த மேட்டிமை வெகுநாள் போகவில்லை.

1873 வேடிக்கையான ஆண்டு. நீலகிரி மக்களைப் பற்றி இரண்டு புத்தகங்கள் அந்த ஒரே ஆண்டில் வந்தன. ஒன்று, நீலகிரியின் முதல் கமிஷனரான பிரீக்ஸ் எழுதியது. கல்கத்தா அருங்காட்சியகத்துக்குப் பழங்குடிப் பொருட்கள் வேண்டும் என்று வந்த உத்தரவிலிருந்து பிறந்த நூல். அச்சில் பார்க்க அவர் உயிரோடு இல்லை; 1872இலேயே இறந்துவிட்டார். உதகையில் அவர் பெயரில் இன்றும் பள்ளிக்கூடம் இருக்கிறது. இன்னொன்று, லெப்டினன்ட் கர்னல் மார்ஷல் எழுதியது. மண்டையோட்டின் மேடு பள்ளங்களைத் தடவி மனிதனின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று ஒரு 'சாஸ்திரம்' அன்று ஐரோப்பாவில் இருந்தது. மார்ஷல் அதில் தீவிர நம்பிக்கையுள்ளவர். தோடர் தலைகளை அளந்து, படம் பிடித்து, தடித்த நூலாக்கினார்.

அந்த மண்டையோட்டு நூலின் கடைசிப் பக்கங்களில்தான் தோட மொழியின் முதல் இலக்கணச் சுருக்கம் ஒளிந்திருக்கிறது. எழுதியவர் நமக்கெல்லாம் தெரிந்த ஜி. யு. போப். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுபோவதற்கு முன்னால் அவர் உதகையில் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். தமிழ் தெரியும், இலக்கணம் தெரியும், தோடர் மந்துகள் கூப்பிடு தூரத்தில் இருந்தன. ஆனால் இலக்கணத்துக்கு வேண்டிய சொற்களும் வாக்கியங்களும் மெட்ஸ் சேர்த்தவை. இந்த மொழி முதலில் பழங்கன்னடமாக இருந்தது, தோடர்கள் கன்னட நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது போப்பின் தீர்ப்பு. படகம் கன்னடத்துக்கு நெருங்கிய பேச்சு; மெட்ஸ் தோடர்களை அணுகியது அந்தப் படகத்தின் வழியாக. தரகர் வழியே வந்த சரக்கில் தரகரின் வாசனை அடித்ததை, போப் சரக்கின் சொந்த வாசனை என்று எடுத்துக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் புலமையைக் குறைத்துச் சொல்லவில்லை. மேசையில் எது வந்ததோ அதை வைத்துத்தானே யாரும் இலக்கணம் எழுத முடியும்.

அடுத்தது நம் எழுத்துக்கே சோதனையான ஒரு முயற்சி. கேதரின் லிங் என்ற மிஷனரிப் பெண்மணி தோடர்களிடையே பல ஆண்டுகள் வேலை செய்தவர். மாற்கு சுவிசேஷம் அவர் மொழிபெயர்ப்பில் தோட மொழியில் 1897இல் அச்சாயிற்று. எழுத்து தமிழ். தோடரின் உயிரொலிகள் தமிழின் பன்னிரண்டில் அடங்காதவை. நடுநாவிலிருந்து எழும் சில உயிர்களுக்கு நம்மிடம் குறியே கிடையாது. ர, ற என்று நாம் இரண்டு வைத்திருக்கிறோம், அவர்கள் நாக்கை மூன்று இடத்தில் உருட்டுகிறார்கள். ச, ஷ, ஸ வகையில் நாம் கேட்டுப் பிரிக்கவே திணறும் வேறுபாடுகள் உண்டு. சொல்லின் கடைசி உயிரை விழுங்கி மெய்களை அடுக்கும் பழக்கம் வேறு. இத்தனையையும் தமிழ் நெடுங்கணக்கில் அடைத்தால் என்ன ஆகும்? படிக்கத் தெரிந்த தோடர் அதை ஊகித்துப் படித்திருப்பார். வெளியூர்க்காரர் படித்திருந்தால் தோடரே சிரித்திருப்பார்.

1901இல் ரிவர்ஸ் வந்தார். கேம்பிரிட்ஜ் மருத்துவர், மானுடவியலாளர். எண்ணூறு பேர் அளவிலான தோடர்களில் குடும்பம் குடும்பமாக வம்சாவளி எழுதத் தொடங்கினார். சிக்கல் உடனே வந்தது. தோடர்கள் தங்கள் இறந்த முன்னோரின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். உயிரோடிருக்கும் சில உறவினர் பெயரையும் சொல்ல மாட்டார்கள். ரிவர்ஸ் ஒருவருடைய தாத்தா பெயரை இன்னொரு குலத்து ஆளிடம், அதுவும் தனியாக, கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1906இல் வந்த 'தி தோடாஸ்' நூலில் பால்மட வழிபாட்டின் மந்திரச் சொற்களையும், வெளியார் முன்னால் பேசும் மறைமொழியையும் பதிவு செய்திருக்கிறார். ஃபெனிசியோவின் கடிதத்தை ஆங்கிலத்தில் பின்னிணைப்பாகத் தந்ததும் அந்த நூல்தான். அதற்காகவே ஒரு கும்பிடு போடலாம். ரிவர்ஸும் தமிழ் தெரிந்த துபாஷிகளை வைத்துத்தான் பேசினார்.

இதே காலத்தில் கிரியர்சன் இந்திய மொழியளவைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டுக்கொண்டிருந்தார். 1903 முதல் 1928 வரை ஓடிய வேலை. ஊதாரி மைந்தன் கதையை ஒவ்வொரு வட்டாரப் பேச்சிலும் சொல்லவைத்து எழுதி வாங்குவது அவர் முறை. சென்னை மாகாணம் அந்த அளவையின் எல்லைக்குள் வரவில்லை. வந்திருந்தால் கரியாலூர்க்காரர் ஒருவர் அந்தக் கதையைத் தம் பேச்சில் எப்படிச் சொன்னார் என்று இன்று நாம் படித்துக்கொண்டிருக்கலாம்.

இனிக் கொஞ்சம் கடல் தாண்ட வேண்டும். ஏனென்றால் நீலகிரி மொழிகளைத் தரகரை விலக்கிவிட்டுக் கேட்கும் முறை அமெரிக்கச் செவ்விந்தியர்களிடம் பழகி வந்த முறை. விஸ்கான்சின் மாநிலத்தில் மெனோமினி என்றொரு மக்கள். அவர்கள் மொழிக்கும் முதலில் பாதிரியார்களின் ஜெபப் புத்தகம், பிறகு ஹாஃப்மன் என்ற மருத்துவர் 1896இல் வெளியிட்ட பெரிய நூலில் ஒரு சொற்பட்டியல் என்று ஏறத்தாழ நம் கதையேதான். 1920, 1921 கோடைகளில் லெனார்டு புளூம்ஃபீல்டு அங்கே போய்த் தங்கினார். சொல் கேட்பதை விட்டுவிட்டுக் கதை கேட்டார். சொல்லச் சொல்ல, ஒலி ஒலியாக எழுதினார். 1928இல் அந்தக் கதைகள் நூலாயின.

அவர் 1927இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை எனக்கு மிகவும் பிடித்தது. எழுத்தும் பள்ளியும் இல்லாத மெனோமினிகளிடையேயும் இன்னார் நன்றாகப் பேசுகிறார், இன்னார் பேச்சு மோசம் என்ற கணிப்பு துல்லியமாக இருக்கிறது என்று ஆள் ஆளாக எடுத்துக்காட்டினார். கால்டுவெல்லின் 'திருந்தாத' என்ற அடைமொழிக்கு இதைவிட நேரான பதில் இல்லை. இன்னொன்றும் செய்தார். சமஸ்கிருதம், கிரேக்கம் போலப் பழைய ஏடுகள் உள்ள மொழிகளுக்குத்தான் ஒலிமாற்ற விதிகள் செல்லும் என்று நினைத்தவர்கள் உண்டு. ஏடே இல்லாத அல்கோங்கின் மொழிகளிலும் அந்த விதிகள் பிசகாமல் நடக்கின்றன என்று நிறுவினார். மூதாதை மொழியில் இன்ன இடத்தில் தனி ஒலி ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று 1925இல் கணித்தார். கனடாவின் கிரீ மொழிக் கிளை ஒன்றில் அது தனித்தே நிற்பது சில ஆண்டுகளில் தெரியவந்தது.

அந்தத் தலைமுறையின் இன்னொரு பெரியவர் யேல் பல்கலைக்கழகத்தின் எட்வர்டு சபீர். அவரிடம் பயின்ற கனடாக்காரர் மரே எமனோ, சமஸ்கிருதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர், 1935இல் உதகைக்கு வந்தார். 1938 வரை இருந்தார். தோடம், கோத்தம், படகம், குடகு, மத்திய இந்தியாவின் கோலாமி என்று ஐந்து மொழிகளின் நோட்டுகளோடு திரும்பினார். ஒருவர் மூன்றாண்டில் செய்யக்கூடிய வேலை என்று நம்பவே கடினம்.

கோத்தர்கள் நீலகிரியின் கொல்லர்கள், குயவர்கள், வாத்தியக்காரர்கள். ஏழே ஊர்கள். அதில் ஒன்றின் பெயர் கொல்லிமலை. நாமக்கல் கொல்லிமலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த ஊர்க்காரர் சுள்ளி. பள்ளிக்கூடம் போனவர், ஆங்கிலம் பேசுவார். அவர் கோத்த மொழியில் கதை சொல்ல, எமனோ எழுதிக்கொண்டார். நடுவில் தமிழும் இல்லை, படகமும் இல்லை. 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாகக் கலிபோர்னியாவில் வெளியான 'கோத்தா டெக்ஸ்ட்ஸ்' அப்படி வந்தது. தோடர்களிடம் பாட்டு. தோடப் பாடல்கள் இணை இணையான தொடர்களால் கட்டப்படுபவை, எந்த நிகழ்ச்சிக்கும் அந்த இடத்திலேயே கட்டிப் பாடுவார்கள். அவற்றைத் தொகுத்த பெருநூல் 1971இல்தான் வந்தது. தோட இலக்கணம் 1984இல். இடையே தாமஸ் பரோவோடு சேர்ந்து 1961இல் திராவிடச் சொற்பிறப்பகராதி. அதில் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலேயே கோத்தச் சொல்லும் தோடச் சொல்லும் சரிசமமாக உட்கார்ந்திருக்கும்.

அந்த நோட்டுகள் வந்த பிறகுதான் ஷ்மித்துக்கும் போப்புக்கும் இடையிலான பழைய வழக்கு தீர்ந்தது. ஒரே ஒரு சாட்சி காட்டுகிறேன். தமிழில் 'செவி'. கன்னடத்தில் 'கிவி'. கோத்தத்தில் 'கெவ்', தோடத்திலும் ககரத்தில்தான் தொடங்கும். இப்படி வரிசை வரிசையாகச் சொற்கள். இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் வந்த பழைய ககரத்தைத் தமிழ் சகரமாக மாற்றிக்கொண்டது. சங்கப் பாடல்களிலேயே அந்த மாற்றம் முடிந்துவிட்டிருக்கிறது. தோடமும் கோத்தமும் மாறவில்லை. ஆகவே அவை அந்த மாற்றத்துக்கு முன்பே, நமக்குக் கிடைத்திருக்கும் இலக்கியத்துக்கும் முன்பே, தனிவழி போனவை. தமிழின் சிதைவும் இல்லை, கன்னடத்தின் கிளையும் இல்லை. ஏடில்லாத மொழி நம் ஏடுகளைவிடப் பழைய ஒலியை வைத்திருந்தது.

சுள்ளியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. எமனோவின் நண்பரான டேவிட் மேண்டல்பாம் என்ற மானுடவியலாளரும் சுள்ளியோடு பழகி, அவரைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார். தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, பழைய வழக்கங்கள் சிலவற்றை விட வேண்டும் என்று சொந்த ஊரிலேயே கலகம் செய்தவர் அவர். அவர் சொல்லும் எந்தக் கதையிலும் நாயகர் அவர்தான் என்பதையும் மேண்டல்பாம் கவனித்திருக்கிறார். பிறர் தயங்கும் இடத்தில் சுள்ளி முன்னே போவார், பிறர் திகைக்கும் இடத்தில் சுள்ளி வழி சொல்வார். உலகின் நூலகங்களில் கோத்த மொழி என்று நாம் எடுத்துப் படிப்பதில் பெரும்பங்கு இந்த ஒரு மனிதரின் பேச்சு, அவருடைய துடுக்கு, அவருடைய தற்பெருமை. துபாஷி விலகிய பிறகும் ஒரு வாய் நடுவில் இருந்தது. ஆனால் அந்த வாய் கோத்தருடையது.

(தொடரும்)